ஒரு பிரேமின் எடை

கல்யாண வீடியோ எடுப்பவரின் மெமரி கார்டில் ஒரு மணி நேர 4கே காட்சி ஏறத்தாழ 45 ஜிபி இடம் பிடிக்கும். நொடிக்கு 100 மெகாபிட் என்ற பரவலான பதிவு வேகத்துக்கான கணக்கு இது. எட்டால் வகுத்தால் நொடிக்கு 12.5 எம்பி. நொடிக்கு 25 பிரேம் எடுத்தால் ஒரு பிரேமின் பங்கு அரை எம்பி. பட்டுப்புடவையின் சரிகை முதல் ஹோமப் புகை வரை முகூர்த்த மேடை முழுவதும் அந்த அரை எம்பிக்குள் அடங்கிவிடுகிறது.

ஆனால் கார்டில் இருப்பது சுருக்கம்தான், படமாக இன்னும் ஆகவில்லை. எடிட்டிங் மென்பொருள் அதைத் திரையில் காட்ட வேண்டுமானால் முதலில் ரேமில் விரித்தாக வேண்டும். 4கே பிரேமில் அகலவாக்கில் 3840, உயரவாக்கில் 2160 புள்ளிகள். பெருக்கினால் 82,94,400. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள், ஒளி ஊடுருவும் அளவுக்கு இன்னொரு எண். எண்ணுக்கு ஒரு பைட் என்று சிக்கனமாகவே வைத்தாலும் 33 எம்பி. நிறத் திருத்தம் செய்யும்போது ஒரு பைட் துல்லியம் போதாது. ஏற்றி இறக்கும் ஒவ்வொரு முறையும் பின்னங்கள் உதிர்ந்து, வானத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். அதனால் டாவின்சி ரிசால்வ் போன்ற மென்பொருள்கள் எண்ணுக்கு நான்கு பைட் வைத்துக்கொள்கின்றன. இப்போது ஒரு பிரேமின் எடை 133 எம்பி. ஒரு நொடிக் காட்சி 3.3 ஜிபி.

அரை எம்பி 133 எம்பி ஆகிறது, அதாவது 265 மடங்கு. வீடியோ எடிட்டிங்குக்குக் கணினி வாங்கப் போகிறவர்கள் பலர் தங்கள் கோப்புகளின் அளவைப் பார்த்து ரேமைத் தீர்மானிக்கிறார்கள். "என் ஃபுட்டேஜ் மொத்தமே 60 ஜிபிதான்" என்பார்கள். கோப்பின் அளவு ஹார்டு டிஸ்க் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதைச் சொல்லும். ரேமைப் பற்றி அது அநேகமாக எதுவும் சொல்லாது.

விரிப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. 2003இல் வந்த எச்.264, 2013இல் வந்த எச்.265 ஆகிய இரண்டு சுருக்க முறைகளும் எல்லாப் பிரேமையும் முழுமையாக எழுதி வைப்பதில்லை. முழுப் பிரேம் எப்போதாவது ஒன்று வரும். நடுவில் உள்ளவை முன் பிரேமிலிருந்து என்ன மாறியது, பின் பிரேமோடு எங்கே ஒத்துப்போகிறது என்ற குறிப்புகள் மட்டுமே. டைம்லைனில் ஏதோ ஓர் இடத்தில் கிளிக் செய்தால், கணினி பின்னோக்கிப் போய் ஒரு முழுப் பிரேமைத் தேடிப் பிடித்து, அங்கிருந்து குறிப்புகளை வரிசையாகப் படித்துக்கொண்டு வரவேண்டும். வழியில் விரித்த பிரேம்களைக் கையோடு ரேமில் வைத்திருக்கவும் வேண்டும், அடுத்த குறிப்பு அவற்றைக் கேட்கும். முன்னோக்கி ஓடும்போது சமர்த்தாக ஓடும் காட்சி, பின்னோக்கி இழுத்தால் திக்கித் திணறுவது இதனால்தான். மூன்று கேமரா வைத்து எடுத்து மூன்றையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டால் இந்த வேலை அப்படியே மூன்று மடங்கு.

இவ்வளவையும் தாங்கும் ரேம் எதனால் ஆனது? 1966இல் ஐபிஎம் நிறுவனத்தின் ஆராய்ச்சி மையத்தில் ராபர்ட் டெனார்டு என்ற பொறியாளருக்குத் தோன்றிய யோசனைதான் இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது. அப்போது சிலிக்கானில் ஒரு பிட்டைப் பிடித்து வைக்க ஆறு டிரான்சிஸ்டர்கள் தேவைப்பட்டன. ஒரே ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு சின்ன மின்தேக்கியும் போதும் என்றார் டெனார்டு. மின்தேக்கியில் மின்னூட்டம் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. டிரான்சிஸ்டர் அதன் கதவு. இரண்டும் சேர்ந்தது ஒரு செல். 1968இல் காப்புரிமை கிடைத்தது. இன்றைய செல்லில் 1 என்பதற்கு அடையாளமாக நிற்பவை சில பத்தாயிரம் எலக்ட்ரான்கள்தாம்.

எளிமைக்கு ஒரு விலை இருந்தது. அந்த மின்தேக்கி ஒழுகும். எலக்ட்ரான்கள் மெல்ல நழுவிப் போய்க்கொண்டே இருக்கும். போதாக்குறைக்கு, படித்தாலே செல் காலியாகிவிடும். படித்ததைத் திரும்ப எழுதி வைக்க வேண்டும். எனவே டிடிஆர்4 வகை ரேமில் ஒவ்வொரு செல்லும் 64 மில்லிவிநாடிக்கு ஒரு முறையாவது படித்துத் திரும்ப நிரப்பப்படுகிறது. 32 ஜிபி ரேமில் இருப்பவை சுமார் 27,500 கோடி செல்கள். நொடிக்கு 25 பிரேம் ஓடும் படத்தில் ஒரு பிரேம் திரையில் நிற்பது 40 மில்லிவிநாடி. அதாவது திரையில் இரண்டாவது பிரேம் முடிவதற்குள் 27,500 கோடி செல்களும் ஒரு சுற்று நிரப்பப்பட்டுவிடுகின்றன, கணினி சும்மா இருந்தாலும். மின்சாரம் போனால் எல்லாம் போய்விடும் என்பதற்கும் காரணம் இந்த ஒழுக்குதான். யூபிஎஸ் இல்லாமல் எடிட்டிங் செய்பவர்களின் துணிச்சலை நான் வியக்கிறேன், பரிந்துரைக்க மாட்டேன்.

ரேம் போதாமல் போனால் என்ன நடக்கும் என்பதற்கு வருவோம். இதற்கான விடை ரேம் சில்லுகளைவிடப் பழையது. 1962 டிசம்பரில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் இயங்கத் தொடங்கிய அட்லஸ் என்ற கணினியில் முதன்மை நினைவகம் 16,384 சொற்களுக்குத்தான் இடம் தந்தது. சுழலும் காந்த உருளைகளில் அதைப்போல ஆறு மடங்கு இடம் இருந்தது. டாம் கில்பர்ன் குழுவினர் இரண்டையும் ஒரே நினைவகம் போலக் காட்டும் ஏற்பாட்டைச் செய்தார்கள். நிரல் எழுதுபவர் எது எங்கே இருக்கிறது என்று கவலைப்பட வேண்டாம். தேவையான துண்டு முதன்மை நினைவகத்தில் இல்லாவிட்டால், கணினியே உருளையிலிருந்து எடுத்து வந்து, பயன்படாத ஒரு துண்டை வெளியே அனுப்பிவிடும். இன்று விண்டோஸும் மேக்கும் லினக்ஸும் செய்வது இதையேதான். உருளைக்குப் பதில் எஸ்எஸ்டி.

இந்த ஏற்பாடு நன்றாகவே வேலை செய்தது, ஓர் எல்லை வரை. 1960களின் நடுவில் பெரிய கணினிகளில் ஒரு விசித்திரம் தென்பட்டது. நிரல்களை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போனால் கணினி படிப்படியாக மந்தமாகவில்லை. நன்றாகவே ஓடிக்கொண்டிருந்துவிட்டு, இன்னும் ஒன்றைச் சேர்த்ததும் திடீரென்று படுத்துவிட்டது. வட்டு மட்டும் இடைவிடாமல் ஓடும், வேலை எதுவும் நகராது. எம்ஐடியில் முனைவர் பட்ட மாணவராக இருந்த பீட்டர் டென்னிங் 1968இல் இதற்கு விளக்கம் தந்தார். எந்த நிரலுக்கும் குறிப்பிட்ட சிறிது நேரத்துக்குள் திரும்பத் திரும்பத் தேவைப்படும் துண்டுகளின் தொகுப்பு ஒன்று உண்டு. வொர்க்கிங் செட் என்று அதற்குப் பெயரிட்டார். அந்தத் தொகுப்பு முழுதாக நினைவகத்தில் இருந்தால் நிரல் முழு வேகத்தில் ஓடும். கொஞ்சம் குறைந்தாலும் கதை கந்தல். நூறு இலை மட்டும் போட்ட பந்தியில் நூற்றிருபது பேரை ஒரே சமயத்தில் சாப்பிட வைக்க வேண்டும் என்று, பாதிச் சாப்பாட்டில் ஒருவரை எழுப்பி இன்னொருவரை உட்காரவைத்தால் என்ன ஆகும்? எழுந்தவர் உடனே திரும்ப உட்கார இடம் கேட்பார். எழுப்புவதும் உட்காரவைப்பதுமே வேலையாகி, யாரும் பாயசம் வரை போகமாட்டார்கள்.

சரிவு ஏன் இவ்வளவு செங்குத்து என்பது நேரக் கணக்கைப் பார்த்தால் விளங்கும். ரேமிலிருந்து ஒரு தரவை எடுக்க ஏறத்தாழ 100 நானோவிநாடி. நல்ல என்விஎம்இ எஸ்எஸ்டியிலிருந்து 50 முதல் 100 மைக்ரோவிநாடி. சுழலும் ஹார்டு டிஸ்க்கில் 10 மில்லிவிநாடி. முதலாவதை ஒரு நொடியாக நீட்டிப் பார்த்தால், எஸ்எஸ்டி எட்டு முதல் பதினேழு நிமிடம் கழித்துப் பதில் சொல்கிறது. ஹார்டு டிஸ்க்குக்கு ஒரு நாளுக்கு மேல் ஆகிறது. எஸ்எஸ்டி வந்தபிறகு இந்தச் சரிவின் வலி குறைந்திருக்கிறது என்பது உண்மை. 'ஹேங்' ஆகி நின்றுவிடும் கணினி இப்போது விக்கி விக்கியாவது ஓடுகிறது. ஆனால் ரேம் குறைவை எஸ்எஸ்டியால் ஈடுகட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டியதில்லை.

டென்னிங் கண்டதை அப்படியே கணினி வாங்கும் கணக்காக்கலாம். ரேம் என்பது கூடக் கூட வேகம் தரும் பொருள் அன்று. உங்கள் வேலையின் வொர்க்கிங் செட் 26 ஜிபி என்றால் 16 ஜிபி கணினி தவிக்கும், 32 ஜிபி கணினி பறக்கும், 128 ஜிபி கணினி 32 ஜிபியைப் போலவே பறக்கும். அந்த எல்லை எங்கே இருக்கிறது என்பதை மட்டும் கண்டுபிடித்தால் போதும். தாண்டிச் செலவழிக்கும் பணம் வேறு எங்காவது பயன்படும்.

கண்டுபிடிக்க நல்ல கருவி இப்போது கையில் இருக்கும் பழைய கணினியேதான். அதில் உங்களுடைய மிகக் கனமான புராஜெக்டைத் திறந்து, வழக்கமாக என்னென்ன திறந்து வைப்பீர்களோ அத்தனையும் திறந்து (நாற்பது டேப் உள்ள குரோமையும் மறைக்க வேண்டாம்), அரை மணி நேரம் வேலை செய்யுங்கள். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரின் மெமரிப் பக்கத்தில் 'கமிட்டட்' என்ற எண்ணைப் பாருங்கள். நிரல்கள் கேட்டு வாங்கியிருக்கும் மொத்த இடம் அது. அதில் கொஞ்சம் சும்மா கிடக்கும் என்பதால், உண்மைத் தேவையின் மேல் வரம்பு என்று எடுத்துக்கொள்ளலாம். கூடவே ரிசோர்ஸ் மானிட்டரில் 'ஹார்ட் ஃபால்ட்ஸ்' வரைபடம். ஏதாவது புதிதாகத் திறக்கும்போது அது துள்ளும், கவலை இல்லை. சாதாரணமாக வெட்டி ஒட்டும்போதும் ஓயாமல் துள்ளினால், பந்தியில் ஆள் எழுப்பத் தொடங்கிவிட்டார்கள் என்று பொருள். மேக்கில் ஆக்டிவிட்டி மானிட்டரின் 'மெமரி பிரஷர்' வரைபடம் பச்சையாக இருக்கிறதா, மஞ்சளும் சிவப்புமாக மாறுகிறதா என்று பார்த்தால் போதும். ரேம் 90 சதவீதம் நிரம்பியிருக்கிறது என்பதை மட்டும் வைத்துப் பயப்படக்கூடாது. காலியாகக் கிடக்கும் ரேமால் யாருக்கும் லாபம் இல்லை. இயங்குதளம் வேண்டுமென்றே பழைய கோப்புகளை அங்கே நிரப்பி வைத்து, கேட்டவுடன் காலி செய்து கொடுக்கும்.

பழைய கணினி இல்லாதவர்களுக்கு மென்பொருள் நிறுவனங்களின் பரிந்துரை இருக்கிறது. பிரீமியர் புரோவுக்கு அடோபி சொல்வது: எச்டி காட்சிகளுக்கு 16 ஜிபி, 4கேவுக்கு 32 அல்லது அதற்கு மேல். ரிசால்வில் எஃபெக்ட்ஸ் வேலைக்கான ஃபியூஷன் பக்கத்தைப் பயன்படுத்துபவர்களுக்கு 32 ஜிபி. என் கணிப்பும் இதை ஒட்டியதே. புதிதாக வாங்குபவர் 4கே பக்கம் கால் வைக்கும் எண்ணம் இருந்தால் 32க்குக் கீழே போகவேண்டாம். மூன்று நான்கு கேமரா நிகழ்ச்சிகள், நீண்ட ஆவணப்படங்கள் என்றால் 64.

அடோபியின் அசைவு வரைகலை மென்பொருளான ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மட்டும் தனி ஜாதி. பிரீமியர் ஓட்டமாகக் காட்டிவிட்டு மறந்துவிடும் பிரேமை, ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் வரைந்து முடித்துப் பத்திரமாக வைத்துக்கொள்ளும், மறுபடி ஓட்டிக் காட்ட. அங்கே எண்ணுக்கு இரண்டு பைட் வைத்து வேலை செய்தால் 4கே பிரேம் ஒன்று 66 எம்பி, நொடிக்கு 1.66 ஜிபி. பத்து நொடி அசைவை முழுத் தெளிவில் பார்க்கவே 16 ஜிபிக்கு மேல் வேண்டும். புதிய பதிப்புகள் வேகமான எஸ்எஸ்டியையும் துணைக்கு எடுத்துக்கொள்கின்றன என்றாலும், 64 ஜிபியைக் கேட்கும் உரிமை உண்மையாகவே உள்ள மென்பொருள் இது. பாதித் தெளிவில் பார்த்தால் புள்ளிகள் நான்கில் ஒன்றாகி, அதே ரேமில் நான்கு மடங்கு நேரம் ஓடும் என்ற இலவசத் தீர்வும் உண்டு. 2010இல் வந்த சிஎஸ்5 பதிப்பு வரை இந்த விவாதத்துக்கே இடமில்லை. அதற்கு முந்தையவை 32 பிட் நிரல்கள். 32 பிட் முகவரியால் எண்ண முடிந்தது 429 கோடிச் சொச்சம் பைட், அதாவது 4 ஜிபி. எவ்வளவு ரேம் வாங்கிப் போட்டாலும் அதற்கு மேல் ஒரு நிரலின் கண்ணுக்கே தெரியாது.

அளவு முடிவானால் அடுத்தது ஸ்டிக் எத்தனை என்பது. சென்னை ரிச்சி தெருவிலோ உங்கள் ஊரிலோ கணினி அசெம்பிள் செய்யச் சொன்னால், "இப்போ ஒரே ஸ்டிக் போட்டுக்கலாம், அப்புறம் இன்னொண்ணு சேர்த்துக்கலாம்" என்ற யோசனை வரக்கூடும். நல்ல எண்ணத்தில் சொல்வதுதான். ஆனால் சாதாரண டெஸ்க்டாப் புராசசர்கள் இரண்டு தடங்களில் ரேமோடு பேசும்படி அமைந்தவை. டிடிஆர்5-5600 வகையில் ஒரு தடம் நொடிக்கு 44.8 ஜிபி கடத்தும். ஒரே ஸ்டிக் போட்டால் அத்தோடு சரி, இரண்டு போட்டால் 89.6. எனவே 32 என்றால் 16ஆக இரண்டு. நான்கு ஸ்லாட்டையும் முதலிலேயே நிரப்புவதும் சரியில்லை. டிடிஆர்5 வேகத்தில் ஒவ்வொரு தடத்திலும் இரண்டு ஸ்டிக் தொங்கினால் மின்சைகை தெளிவிழக்கிறது. ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசைக்கு அந்த நிறுவனமே தரும் வரம்பு, இரண்டு ஸ்டிக்குக்கு 5200, நான்கு ஸ்டிக்குக்கு 3600. இரண்டு ஸ்டிக் போட்டு இரண்டு ஸ்லாட்டைக் காலியாக விட்டு வைப்பதும், பின்னால் தேவைப்பட்டால் வேகம் கொஞ்சம் குறையும் என்று தெரிந்தே சேர்ப்பதும்தான் நல்லது. 6000, 6400 என்று விலை கூடிய வேக ரேம்களுக்கு எடிட்டிங்கில் பெரிய பலன் இல்லை. விளையாட்டுக்காரர்களுக்கு விட்டுவிடலாம்.

கிராஃபிக்ஸ் கார்டில் இருக்கும் ரேம் வேறு கணக்கு. அதை மதர்போர்டு ரேமோடு கூட்டிப் பார்க்கக் கூடாது. ரிசால்வ் நிற வேலை முழுவதையும் கிராஃபிக்ஸ் கார்டில் செய்கிறது. பிரேம் அங்கே இருந்தாக வேண்டும். இரைச்சல் நீக்கத்தில் முன்னும் பின்னும் இரண்டிரண்டு பிரேம்களை ஒப்பிடச் சொன்னால் ஐந்து பிரேம், 133ஆல் பெருக்கினால் 660 எம்பிக்கு மேல். இது வெறும் மூலப்பொருள். இடைக்கால விளைவுகள் எல்லாம் இதற்கு மேல். 64 ஜிபி ரேம் வைத்திருப்பவரின் திரையில் 'ஜிபியூ மெமரி ஃபுல்' என்று வருவது இதனால்தான். 4கே நிற வேலைக்கு 8 ஜிபி கார்டு தொடக்கம், 12 இருந்தால் நிம்மதி. ஆப்பிளின் புதிய கணினிகளில் இந்தப் பிரிவினை கிடையாது. 2020இல் வந்த எம்1 முதல் புராசசரும் கிராஃபிக்ஸும் ஒரே ரேமைப் பங்கிட்டுக்கொள்கின்றன. இடம் வீணாகாது, இங்கிருந்து அங்கே நகலெடுக்கும் வேலையும் இல்லை. ஆனால் வாங்கும் நாளில் எவ்வளவோ அவ்வளவுதான். அப்புறம் ஒரு ஜிபி கூடச் சேர்க்க முடியாது. 16 ஜிபி மேக் மினி ஒன்றை எடிட்டிங்குக்கு வாங்குபவர் இதை மனதில் வைக்க வேண்டும்.

ரேமின் தலையில் கட்டப்படும் பழிகளில் பாதி உண்மையில் விரிக்கும் வேலையின் பழி. எச்.265ஐ விரிக்கத் தனிச் சுற்றுகள் சில்லுக்குள்ளேயே இருக்கின்றன. இன்டெல் புராசசர்களில் அவை உள்ளே இருக்கும் கிராஃபிக்ஸ் பகுதியோடு சேர்ந்து வருகின்றன. மாடல் எண்ணின் முடிவில் 'எஃப்' என்ற எழுத்து இருந்தால் அந்தக் கிராஃபிக்ஸ் பகுதி முடக்கப்பட்டது என்று பொருள். விலை சற்றுக் குறைவு, அதனால் அசெம்பிள் செய்யும்போது அது எளிதாக உள்ளே வந்துவிடும். "தனியா கிராஃபிக்ஸ் கார்டு இருக்கே" என்பார்கள். இப்போதைய கேமராக்கள் பல 4:2:2 என்ற செழிப்பான நிறப் பதிவு தருகின்றன. அந்த வகை எச்.265ஐ இன்டெல்லின் உள் கிராஃபிக்ஸ் சில ஆண்டுகளாகவே விரிக்கிறது. என்விடியா கார்டுகளில் அது 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் சேர்ந்தது. பழைய கார்டும் 'எஃப்' புராசசரும் சேர்ந்த கணினியில் 128 ஜிபி ரேம் போட்டாலும் அந்தக் காட்சி திக்கும்.

அப்படிப்பட்ட கணினி ஏற்கெனவே வீட்டில் இருந்தால் தூக்கிப் போட வேண்டாம். பிராக்ஸி செய்துகொள்ளலாம். ஒவ்வொரு கிளிப்புக்கும் சிறிய நகல் ஒன்றை உருவாக்கி, வெட்டும் வேலையை அதில் முடித்து, கடைசி ரெண்டருக்கு மட்டும் மென்பொருள் அசலை எடுத்துக்கொள்ளும். நகல் ஆப்பிளின் புரோரெஸ், அவிடின் டிஎன்எக்ஸ் போன்ற வகையில் இருந்தால் ஒவ்வொரு பிரேமும் தனித்தனியாக முழுமையாக இருக்கும். பின்னோக்கி இழுத்தாலும் திணறாது. நகல்களுக்கும் சேர்த்து இடம் வேண்டும். எஸ்எஸ்டியில் இடம் கொடுத்து ரேமையும் புராசசரையும் காப்பாற்றும் பண்டமாற்று இது, நேர்மையான பண்டமாற்று.

விலை பற்றியும் சொல்ல வேண்டும். உலகின் ரேம் சில்லுகளில் பெரும்பகுதியைச் செய்பவை சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்றே நிறுவனங்கள். செயற்கை நுண்ணறிவுக் கணினிகளுக்கான உயர்வேக நினைவகத்தில் லாபம் அதிகம் என்பதால் அவர்கள் கவனம் அங்கே திரும்பியிருக்கிறது. 2025இன் இறுதி மாதங்களில் சாதாரண டெஸ்க்டாப் ரேமின் விலை கடுமையாக ஏறியதற்கு முக்கியக் காரணம் அதுவே. 'எதற்கும் இருக்கட்டும்' என்று இரட்டிப்பாக வாங்குவது அற்பச் செலவாக இருந்த காலத்தில் டென்னிங்கின் எல்லைக்கோடு ஏட்டுச் சுரைக்காய். இப்போது அது பணம்.

புதுக் கணினி வீட்டுக்கு வந்ததும் செய்ய வேண்டிய சோதனைகள் சில உண்டு. டாஸ்க் மேனேஜரின் அதே மெமரிப் பக்கத்தில் ரேமின் வேகமும் எத்தனை ஸ்லாட் நிரம்பியிருக்கிறது என்பதும் எழுதியிருக்கும். 5600 என்று வாங்கிய ரேம் அங்கே 4800 என்று காட்டினால் பழுது என்று நினைக்க வேண்டாம்; பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற அமைப்பை இயக்கிவிட்டால் சரியாகிவிடும். ஒன்று மட்டுமே நிரம்பியதாகக் காட்டினால் பில்லை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகலாம். பிறகு ஓர் இரவு மெம்டெஸ்ட்86 என்ற சோதனை நிரலை ஓடவிட்டுத் தூங்கப் போங்கள். சில பத்தாயிரம் எலக்ட்ரான்களைப் பிடித்து வைக்கத் தெரியாத செல் ஏதாவது அந்த 27,500 கோடியில் இருந்தால் காலையில் சிவப்பு வரியாகத் தெரியும், அதுவும் ரேமை மாற்றித் தரச் சொல்லும் காலக்கெடு முடிவதற்குள்.